டிராஃப்டில் பெயர் வராத கூடைப்பந்து வீரர் எந்த நாட்டுக்குப் போகலாம்?

அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவின் அணிகள் புதிய ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்ச்சிதான் டிராஃப்ட். ஒவ்வோர் ஆண்டும் ஜூன் மாதக் கடைசியில் நடக்கும் அதில் அதிகபட்சம் 60 பெயர்கள் வாசிக்கப்படுகின்றன. அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தின் முதல் பிரிவில் மட்டும் 350-க்கும் மேற்பட்ட அணிகள் இருக்கின்றன. ஒவ்வோர் அணியிலும் பத்துப் பதினைந்து பேர் ஆடுகிறார்கள். இருக்கும் 60 இடங்களிலும் ஒரு பங்கை ஐரோப்பாவிலிருந்தும் ஆஸ்திரேலியாவிலிருந்தும் வரும் இளைஞர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். ஆகவே, நான்கு ஆண்டுகள் தன் கல்லூரி அணியைத் தோளில் சுமந்த ஒருவருக்குக்கூட, அந்த இரவு பெயர் வராமலே முடிந்துவிடுவதுதான் பெரும்பாலும் நடக்கிறது. அடுத்த சில வாரங்களுக்குள் அவருடைய முகவர் மூன்று நான்கு வாய்ப்புகளைக் கொண்டுவந்து முன்னால் வைப்பார். ஜூலை முடிவதற்குள் ஏதேனும் ஒன்றில் கையெழுத்திட வேண்டும். 22 வயதில், பெரும்பாலும் பெற்றோரின் வீட்டுச் சமையலறை மேசையில் உட்கார்ந்து எடுக்கப்படும் அந்த முடிவைப் பற்றியதுதான் இந்தக் கட்டுரை.

எல்லா ஆட்டக்காரருக்கும் ஒரே விடை கிடையாது என்பதால், ஒருவரை மனத்தில் வைத்துக்கொண்டு பேசுகிறேன். 6 அடி 3 அங்குல உயரம். பந்தை முன்னெடுத்துச் சென்று ஆட்டத்தை நடத்தும் கார்டு. கல்லூரியில் அதிகப் புள்ளிகள் எடுத்தவர். உடம்பில் பெரிய காயம் ஏதுமில்லை. என்பிஏ ஆசை இன்னும் அணையவில்லை. இவருக்கு வரும் வாய்ப்புகளை மாதச் சம்பளத்தை வைத்து வரிசைப்படுத்துவதே வழக்கம். நான் சம்பளத்தைக் கடைசியில் வைக்கிறேன். வெளிநாட்டில் முதல் ஒப்பந்தம் ஏறக்குறைய எப்போதும் ஓராண்டுக்குத்தான். அந்த ஆண்டில் அவர் எத்தனை நிமிடம் களத்தில் இருந்தார், எந்தப் பொறுப்பில் இருந்தார், அதை யார் பார்த்தார்கள் என்பதை வைத்தே இரண்டாவது ஒப்பந்தம் வருகிறது. அந்த இரண்டாவது ஒப்பந்தத்தின் தொகைதான் அடுத்த பத்தாண்டுகளின் வருமானத்தைத் தீர்மானிக்கிறது. அடுத்தபடியாகப் பார்க்க வேண்டியது, பேசிய பணம் பேசிய நாளில் வந்து சேருமா என்பது. மூன்றாவது, வேறு நல்ல அழைப்பு வந்தால் வெளியே வர வழி இருக்கிறதா என்பது.

வெளிநாட்டுக்குப் போகும் முன் உள்நாட்டிலுள்ள இரண்டு வழிகளைச் சொல்லியாக வேண்டும். தகுதியாண்டு மிச்சமிருந்தால் கல்லூரியிலேயே இன்னோர் ஆண்டு ஆடலாம். 2021 ஜூலையில் மாணவ ஆட்டக்காரர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் வைத்துச் சம்பாதிக்க அனுமதி கிடைத்தது. 2025-26 முதல் ஒரு பல்கலைக்கழகம் தன் விளையாட்டு வீரர்கள் அனைவருக்குமாகச் சேர்த்து, அந்த முதல் ஆண்டில் 2 கோடியே 5 லட்சம் டாலர் வரை, நேரடியாகவே கொடுக்கலாம் என்றாகிவிட்டது. பெரிய கல்லூரி அணியில் முக்கிய இடம் கிடைக்குமென்றால், ஐரோப்பாவின் நடுத்தர அணி எதுவும் அந்தப் பணத்துக்கு ஈடு கொடுக்க இயலாது. அப்படிப்பட்டவர் யோசிக்கவே வேண்டாம், தங்கிவிடலாம். நம் ஆட்டக்காரருக்கு அந்த ஆண்டுகள் தீர்ந்துவிட்டன.

உள்நாட்டின் இரண்டாவது வழி, என்பிஏ தன் கீழ் நடத்தும் ஜி லீக். 2001-இல் தொடங்கிய இந்த லீக்கில் கிட்டத்தட்ட ஒவ்வோர் என்பிஏ அணிக்கும் ஒரு துணையணி இருக்கிறது. தாய் அணியின் பயிற்சிமுறை, தாய் அணியின் ஆட்ட வரைவுகள், அரங்கில் உட்கார்ந்திருக்கும் தேர்வாளர்கள் எல்லாமே என்பிஏவைச் சேர்ந்தவை. ஆனால் 2023-24 பருவத்தில் இங்கே வழக்கமான ஒப்பந்தத்தின் சம்பளம் முழுப் பருவத்துக்கும் 40,500 டாலர். அதே பருவத்தில், அதே களத்தில், அதே சீருடையில், டூ-வே ஒப்பந்தம் பெற்றவருக்கு 5,59,782 டாலர். டூ-வே என்பது என்பிஏ அணிக்கும் துணையணிக்கும் இடையே போய்வரும் ஒப்பந்தம். என்பிஏ களத்தில் அதிகபட்சம் 50 போட்டிகளுக்கு அவரை அணியில் வைத்துக்கொள்ளலாம். ஓர் அணிக்கு மூன்று இடங்கள் வீதம், நாடு முழுவதற்கும் 90 இடங்கள்தான்.

இந்த இரண்டுக்கும் நடுவில் எக்ஸிபிட் 10 என்று ஒன்று இருக்கிறது. முகவர்கள் இதைப் பெருமிதத்தோடு சொல்வார்கள். கேட்பவருக்கும் என்பிஏ அணியின் பெயர் காதில் இனிக்கும். உண்மையில் இது பயிற்சி முகாமுக்கான அழைப்பு. முகாம் முடிந்ததும் அணி விடுவித்துவிடும். அதன் பிறகு அவர் அந்த அணியின் துணையணிக்குப் போய் 60 நாள்கள் தங்கினால் ஊக்கத்தொகை கிடைக்கும். 2023-24-இல் அதன் உச்ச அளவு 75,000 டாலர். உச்ச அளவே கிடைத்தாலும், சம்பளத்தோடு சேர்த்து 1,15,500 டாலர்; அதற்கு வரியும் உண்டு. டூ-வே கிடைத்தால் ஓராண்டு அங்கேயே இருப்பது சரி என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அலெக்ஸ் கரூசோ 2016-இல் டிராஃப்டில் தேர்வாகாதவர். ஒக்லஹோமாவின் துணையணியில் ஓராண்டு ஆடி, 2017-இல் லேக்கர்ஸ் அணியின் டூ-வே ஒப்பந்தம் பெற்று, 2020-இல் லேக்கர்ஸோடும் 2025-இல் ஒக்லஹோமாவோடும் சாம்பியன் ஆனார். அவர் தற்காப்பில் சிறந்தவர். நட்சத்திரங்களோடு சேர்ந்து ஆடத் தெரிந்தவர். நம்மவர் போலப் பந்தைக் கையில் வைத்துப் புள்ளி எடுக்கும் கார்டுகளோ ஜி லீக்கில் நிறைந்து கிடக்கிறார்கள். எல்லாரும் ஒரே வேலைக்கு மனுப் போட்டவர்கள் என்பதால், அங்கே ஒருவர் பந்தை இன்னொருவருக்குக் கொடுப்பதற்கே தயங்கும் நிலை வருகிறது. ஜி லீக்குக்கு ஆதரவாகச் சொல்லக்கூடிய ஒன்று, ஜனவரி 5 முதல் என்பிஏ அணிகள் கொடுக்கத் தொடங்கும் 10 நாள் ஒப்பந்தங்கள். ஐரோப்பாவில் ஆடிக்கொண்டிருப்பவருக்கு அந்த அழைப்பு வராது. ஜி லீக்கில் இருப்பவர் அன்றே விமானம் ஏறலாம். இந்த ஒன்றை நம்பி மூன்று ஆண்டு, நான்கு ஆண்டு என்று காத்திருந்தவர்கள் பலர் என்பதும் உண்மை.

ஐரோப்பாவைப் பற்றிப் பேசும்போது எனக்கு முதலில் நினைவுக்கு வருவது பார்சிலோனாவோ மாட்ரிட்டோ கிடையாது. ஜெர்மனியின் பவேரியாவிலுள்ள பம்பெர்க். எண்பதாயிரத்துக்கும் குறைவான மக்கள் வாழும் பழைய ஊர். கால்பந்து ஆளும் நாட்டில், கூடைப்பந்துக்காகப் பைத்தியமாக இருப்பதால் தன்னைத்தானே ஆங்கிலத்தில் ‘ஃப்ரீக் சிட்டி’ என்று அழைத்துக்கொள்ளும் ஊர். என்பிஏ கைவிட்ட இரண்டு அமெரிக்கர்கள் இந்த ஊர் வழியாகத்தான் என்பிஏவுக்குப் போனார்கள்.

முதலாமவர் பி. ஜே. டக்கர். 2006-இல் டொராண்டோ அணி அவரை 35-ஆவது இடத்தில் தேர்ந்தெடுத்தது. 17 போட்டிகளில் சில நிமிடங்கள் வீதம் ஆடவிட்டு, அந்தப் பருவம் முடிவதற்குள் விடுவித்தது. அவர் இஸ்ரேலின் ஹோலோன் அணிக்குப் போய், 2008-இல் அந்த அணியை லீக் சாம்பியன் ஆக்கி, ஆண்டின் சிறந்த ஆட்டக்காரர் ஆனார். பிறகு உக்ரைன், மீண்டும் இஸ்ரேல், கிரீஸ், இத்தாலி, கடைசியாக 2011-12-இல் பம்பெர்க். அங்கே ஜெர்மன் பட்டத்தை வென்று இறுதித் தொடரின் சிறந்த ஆட்டக்காரராகவும் தேர்வானார். ஜெர்மன் பருவம் ஜூனில் முடிந்துவிட்டதால் ஜூலையில் நடக்கும் என்பிஏ கோடைக்கால லீக்கில் ஆட அவருக்கு நேரம் இருந்தது. ஆகஸ்ட்டில் ஃபீனிக்ஸ் அணி அவரை எடுத்தது. அப்போது வயது 27. 2021-இல் மில்வாக்கி அணியில் என்பிஏ சாம்பியன் ஆனார். கல்லூரியில் கூடைக்கு அருகில் புள்ளி எடுப்பவராக இருந்த அவர், திரும்பி வந்தபோது எதிரணியின் மிகச் சிறந்த ஆட்டக்காரரைத் தடுத்து நிறுத்துபவராகவும், மூலையில் நின்று மூன்று புள்ளி எறிபவராகவும் மாறியிருந்தார். ஐந்து ஆண்டுகள் அவர் கற்றுக்கொண்டது அந்த வேலையைத்தான்.

இரண்டாமவர் பிராட் வானமேக்கர். பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் நான்கு ஆண்டுகள் ஆடியவர். 2011 டிராஃப்டில் பெயர் வரவில்லை. இத்தாலி, பிரான்ஸ் என்று சுற்றி, 2014-இல் பம்பெர்க் வந்தார். 2015-இலும் 2016-இலும் ஜெர்மன் பட்டம். அங்கிருந்து துருக்கியின் பெரிய அணிகளுக்கு உயர்ந்து, 2018-இல் பாஸ்டன் செல்டிக்ஸ் அணியில் தன் முதல் என்பிஏ பருவத்தைத் தொடங்கினார். அந்த ‘புதுமுகத்துக்கு’ வயது 29. நம் ஆட்டக்காரர் தன் சுவரில் ஒட்டிவைத்துக்கொள்ள வேண்டிய பாதை இதுதான் என்பேன். ஒவ்வொரு படியும் முந்தைய படியிலிருந்து வந்திருக்கிறது, எந்தப் படியும் ஒரே பாய்ச்சலில் வரவில்லை.

பம்பெர்க்கைப் பிடித்துக்கொண்டு நான் பேசுவதற்கு உணர்ச்சி மட்டும் காரணமல்ல. ஜெர்மன் லீக்கில் 12 பேர் கொண்ட அணியில் குறைந்தது 6 பேர் ஜெர்மானியராக இருக்க வேண்டும் என்பது விதி. மீதி 6 இடங்களுக்குக் கடவுச்சீட்டு எந்த நாட்டினுடையதாக இருந்தாலும் சரி. ஸ்பெயினில் அப்படியில்லை. அங்கே ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களுக்கு ஓர் அணியில் இரண்டே இடங்கள். அந்த இரண்டில் ஒன்றைக் கல்லூரி முடித்து நேராக வந்த ஒருவருக்குக் கொடுக்க எந்தப் பயிற்சியாளரும் துணிய மாட்டார். ஸ்பெயின் லீக்கின் தரம் உயர்ந்தது என்பதை யாரும் மறுக்கவில்லை. அது மூன்றாம் ஆண்டுக்கோ நான்காம் ஆண்டுக்கோ உரிய இடம். ஜெர்மன் லீக் ஒவ்வோர் ஆண்டும் அணிகளின் கணக்குகளைச் சரிபார்த்த பிறகே உரிமம் தருகிறது என்பதும், முதன்முறை வெளிநாடு போகும் ஒருவருக்கு அந்தச் சரிபார்ப்பு பெரிய பாதுகாப்பு என்பதும் கணக்கில் வைக்க வேண்டியவை.

ஆட்டமே மாறிவிடும் என்பதையும் சொல்ல வேண்டும். என்பிஏவில் ஆட்டம் 48 நிமிடம். ஐரோப்பாவில் 40. மூன்று புள்ளிக் கோடு என்பிஏவில் 7.24 மீட்டர், ஐரோப்பாவில் 6.75 மீட்டர். ஐந்தாவது தவறில் வெளியேற வேண்டும். இவற்றையெல்லாம்விட ஒரு கார்டைத் திணறவைப்பது, தற்காக்கும் நெடிய ஆட்டக்காரர் கூடைக்குக் கீழே மூன்று வினாடிக்கு மேல் நிற்கக் கூடாது என்ற என்பிஏ விதி இங்கே கிடையாது என்பதே. கல்லூரியிலும் அந்த விதி இல்லைதான். ஆனால் கல்லூரியில் அங்கே நின்றவர் இருபது வயதுப் பையன். இங்கே நிற்பவர் முப்பது வயது தாண்டியவர், உள்ளே நுழைபவரின் மூன்றாவது அடி எங்கே விழும் என்று அறிந்தவர். தன்னைவிட வேகம் குறைந்தவரிடம் மோதித் தோற்கும் அனுபவம் முதல் இரண்டு மாதங்களில் நிச்சயம் வரும். கூட்டாளி ஒருவர் எதிரியை மறித்து நின்று பிறகு விலகும் ‘திரையிட்டு விலகும்’ ஆட்டத்தில் இரண்டாவது வாய்ப்பையும் மூன்றாவது வாய்ப்பையும் பார்க்கப் பழகுவது அதற்குப் பிறகுதான். ஓர் ஆட்டத்தில் 12 புள்ளி எடுத்து, கூட்டாளிகள் புள்ளி எடுக்கும்படி 7 முறை பந்து கொடுத்தவரை ஐரோப்பியப் பயிற்சியாளர் தட்டிக்கொடுப்பார். 25 புள்ளி எடுத்துத் தோற்றவரை மறுநாள் காலை காணொளி அறையில் உட்காரவைத்துக் கேள்வி கேட்பார். என்பிஏ அணி ஒரு மாற்று ஆட்டக்காரரிடம் எதிர்பார்ப்பதும் இதையேதான் என்பதால், இந்தப் பள்ளிக்கூடத்துக்கு மாற்று எங்கும் இல்லை.

இங்கே ஒப்பந்தத்தாளைக் கொஞ்சம் அருகில் வைத்துப் பார்க்கலாம். ஐரோப்பிய ஒப்பந்தங்களில் எழுதப்படும் தொகை பெரும்பாலும் வரி போக மீதி. வீடும், பல இடங்களில் காரும், போய்வர விமானச் சீட்டுகளும் அணியின் செலவு. முகவரின் 10 சதவீதத்தையும் வழக்கமாக அணியே தனியாகக் கொடுத்துவிடுகிறது. அதனால் 60,000 என்று எழுதியிருந்தால் அது ஏறக்குறைய முழுதாகவே கைக்கு வருகிறது. ஆனால் அமெரிக்கக் குடிமகன் உலகில் எங்கே சம்பாதித்தாலும் தன் நாட்டுக்குக் கணக்குக் காட்ட வேண்டும். வெளிநாட்டுச் சம்பளத்தில் 2024-ஆம் ஆண்டுக்கு 1,26,500 டாலர் வரை விலக்கு உண்டு. அதைப் பெறும் பொதுவான வழி, தொடர்ந்த 12 மாதங்களில் 330 முழு நாள்கள் வெளிநாட்டில் இருந்திருப்பது. கூடைப்பந்துப் பருவமோ பத்து மாதம். ஜூன், ஜூலையில் ஊருக்கு வந்து அம்மா கையால் சாப்பிட்டு, கோடைக்கால லீக்கிலும் ஆடிவிட்டுப் போகிறவர் 330-ஐ எட்ட முடியாது. அப்போது மிஞ்சுவது, அங்கே கட்டிய வரியை இங்கே கழித்துக்கொள்ளும் வழி. அதற்கு, ஆட்டக்காரரின் பெயரில் அணி வரி கட்டியதற்கான சான்று கையில் இருக்க வேண்டும். பருவம் முடிந்து ஊர் திரும்பிய பின் அந்தச் சான்றைக் கேட்டு எழுதும் கடிதங்களுக்குப் பதில் வருவது அரிது. ஆகவே சான்று தரும் கடமையையும் தரும் தேதியையும் ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ள வேண்டும்.

இன்னொரு வரியும் அந்தத் தாளில் இருக்க வேண்டும்: தகராறு வந்தால் கூடைப்பந்து நடுவர் தீர்ப்பாயத்துக்குப் போவோம் என்பது. உலகக் கூடைப்பந்துக் கூட்டமைப்பான ஃபீபா 2007-இல் அமைத்த, ஜெனீவாவை இருக்கையாகக் கொண்ட அந்தத் தீர்ப்பாயம், நாட்டுக்கு நாடு மாறும் சட்ட நுணுக்கங்களுக்குள் போகாமல், நியாயத்தையும் ஒப்பந்தத்தையும் வைத்துத் தீர்ப்பளிக்கிறது. தீர்ப்பின்படி பணம் கொடுக்காத அணி புதிய வெளிநாட்டு ஆட்டக்காரர்களைப் பதிவு செய்ய முடியாதபடி தடை வரும். இந்த வரி இல்லாத ஒப்பந்தத்தில், தெரியாத ஊரின் நீதிமன்றத்தில், தெரியாத மொழியில் வழக்காட வேண்டியிருக்கும். சம்பளம் இத்தனை நாள் தாமதமானால் பயிற்சிக்கு வர வேண்டியதில்லை, இன்னும் இத்தனை நாள் போனால் முழுத் தொகையும் கடனாகி ஆட்டக்காரர் விடுபடலாம் என்ற பிரிவுகளும் அதன் பக்கத்திலேயே இருக்க வேண்டும். வந்து இறங்கிய சில நாள்களுக்குள் அணியின் மருத்துவப் பரிசோதனையில் தேறினால்தான் ஒப்பந்தம் செல்லும் என்றும் எழுதுவார்கள், அது நியாயமானதே. ‘பயிற்சியாளருக்குத் திருப்தி இருந்தால்’ என்று ஒரு சொல்லை அதோடு சேர்த்துவிட்டால் அது ஒப்பந்தமாகாது, வெள்ளோட்டம்.

சீனாவுக்கு வருவோம். பணம் என்றால் அங்கேதான். 2010-களின் நடுவில் அமெரிக்கர்கள் ஐந்து மாதப் பருவத்துக்குப் பத்து லட்சம் டாலருக்கு மேல் வாங்கினார்கள். ஆனால் அந்த இடங்கள் என்பிஏவில் பெயர் எடுத்தவர்களுக்கானவை. கல்லூரி முடித்த புதியவருக்கு அழைப்பு வருவது அபூர்வம். வந்தாலும் நான் தயங்குவதற்குக் காரணம் ஜிம்மர் ஃப்ரெடெட். 2018 நவம்பரில் ஷாங்காய் அணிக்காக ஒரே ஆட்டத்தில் 75 புள்ளிகள் எடுத்தார். அந்த ஆட்டத்தில் அவருடைய அணி ஒரு புள்ளியில் தோற்றது. சீன ரசிகர்கள் அவரைக் கொண்டாடினார்கள். 2019 மார்ச்சில் ஃபீனிக்ஸ் அணி அவரை மீண்டும் என்பிஏவுக்கு அழைத்தது. 6 ஆட்டங்களோடு அது முடிந்தது. வெளிநாட்டவர் ஒவ்வொரு முறையும் பந்தை எறிய வேண்டும் என்று எதிர்பார்க்கும் லீக்கில் வளரும் திறமை வேறு. என்பிஏவின் எட்டாவது, ஒன்பதாவது ஆட்டக்காரரிடம் கேட்கப்படும் திறமை வேறு.

வெளியேறும் வழி என்ற மூன்றாவது அளவுகோலை விளக்கவும் சீனாவே பொருத்தமான இடம். 2011 ஜூலையில் என்பிஏவில் முதலாளிகளுக்கும் ஆட்டக்காரர்களுக்கும் பேச்சு முறிந்து கதவடைப்பு தொடங்கியபோது, பலர் வெளிநாட்டு அணிகளில் சேர்ந்தார்கள். துருக்கியின் பெஷிக்டாஷ் அணிக்குப் போன டெரான் வில்லியம்ஸின் ஒப்பந்தத்தில், கதவடைப்பு முடிந்தால் திரும்பலாம் என்ற பிரிவு இருந்தது. டிசம்பரில் கதவடைப்பு முடிந்ததும் அவர் திரும்பினார். சீன லீக்கோ அப்படி ஒரு பிரிவை எழுதவே அனுமதிக்கவில்லை. ஜே. ஆர். ஸ்மித், வில்சன் சாண்ட்லர், கென்யன் மார்ட்டின், ஆரன் புரூக்ஸ் ஆகியோர் டிசம்பரில் என்பிஏ தொடங்கியும் திரும்பி ஆட முடியாமல் மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். ஒரு நாட்டின் லீக்கில் ஒப்பந்தம் இருக்கும்வரை, அந்த நாட்டுக் கூட்டமைப்பின் விடுவிப்புக் கடிதம் இல்லாமல் வேறெங்கும் ஆட முடியாது. ஐரோப்பிய ஒப்பந்தங்களில் என்பிஏ அழைத்தால் இந்தத் தேதி வரை இவ்வளவு தொகை கட்டிவிட்டு வெளியேறலாம் என்று எழுதிக்கொள்வது சாதாரணம். நம்மவர் அதை விடாமல் கேட்டு வாங்க வேண்டும்.

சீனாவையே வாழ்வாக்கிக்கொண்ட ஸ்டெஃபன் மார்பரியையும் சொல்லாவிட்டால் அந்த நாட்டுக்கு நியாயம் செய்தவனாக மாட்டேன். என்பிஏவில் புகழும் கசப்பும் ஒருங்கே பார்த்துவிட்டு 2010-இல் 32 வயதில் போனவர், பெய்ஜிங் அணிக்கு 2012, 2014, 2015 என்று மூன்று பட்டங்கள் வென்று கொடுத்தார். அந்த ஊர் அவருக்குச் சிலை வைத்தது. பிறகு அங்கேயே பயிற்சியாளரும் ஆனார். 32 வயதில் போவதற்குச் சீனா அருமையான இடம்.

ஆஸ்திரேலிய லீக்கைப் பற்றி ஒரு குழப்பம் உண்டு. லமெலோ பால் அங்கே ஒரு பருவம் ஆடி 2020 டிராஃப்டில் மூன்றாவதாக வந்ததையும், அலெக்ஸ் சார் 2024-இல் இரண்டாவதாக வந்ததையும் பார்த்து, என்பிஏவுக்கு அதுவே குறுக்குவழி என்று நினைக்கிறார்கள். அவர்கள் 18, 19 வயதில், இளம் திறமைகளுக்காக அந்த லீக் 2018-இல் தொடங்கிய தனித் திட்டத்தின் கீழ் போனவர்கள். 22 வயது கல்லூரிப் பட்டதாரி அணிக்கு மூன்று என்ற வெளிநாட்டவர் இடங்களில் ஒன்றைப் பிடிக்க வேண்டும். அந்த இடங்கள் கிடைத்தால் நல்ல இடங்களே. பிரைஸ் காட்டன் 2014 டிராஃப்டில் பெயர் வராதவர். 6 அடி 1 அங்குலம்தான். 2017 ஜனவரியில் பெர்த் அணியில் நடுவழியில் சேர்ந்து, அதே மார்ச்சில் இறுதித் தொடரின் கடைசி ஆட்டத்தில் 45 புள்ளி எடுத்துப் பட்டம் வென்று, பிறகு லீக்கின் சிறந்த ஆட்டக்காரர் விருதை 2025-க்குள் ஐந்து முறை பெற்றார். மொழிச் சிக்கல் இல்லை. பருவம் பிப்ரவரி, மார்ச்சில் முடிந்துவிடுவதால் மீதி மாதங்களில் இன்னொரு நாட்டில் ஆடியும் சம்பாதிக்கலாம். ஜெர்மன் அழைப்பும் ஆஸ்திரேலிய அழைப்பும் ஒரே நாளில் வந்தால் நான் ஜெர்மனியைச் சொல்வேன். பெர்த்தில் மிக நன்றாக ஆடியவருக்கு அடுத்த ஆண்டு பெரும்பாலும் பெர்த்தே சம்பளத்தைக் கூட்டிக் கொடுக்கும். பம்பெர்க்கில் நன்றாக ஆடியவரை இத்தாலி, துருக்கி, ஸ்பெயின் மூன்றும் தேடி வரும்.

ஜப்பான் நம்மவருக்கு ஏற்ற இடமல்ல. அவரைவிட ஐந்து அங்குலம் உயரமானவருக்கு அது சொர்க்கம். இரண்டு லீக்குகள் ஒன்றோடொன்று மல்லுக்கட்டியதால் 2014-இல் ஃபீபாவின் தடைக்கு ஆளான ஜப்பான், 2016-இல் இரண்டையும் இணைத்து பி லீக்கைத் தொடங்கியது. அங்கே அணிகள் உள்ளூரில் கிடைக்காத உயரத்தைத்தான் வெளிநாட்டிலிருந்து வாங்குகின்றன. வெளிநாட்டவரில் இருவரே ஒரே நேரத்தில் களத்தில் நிற்கலாம் என்ற விதி இருந்த காலமெல்லாம் அந்த இருவர் பெரும்பாலும் நெடியவர்களே. ஜோஷ் ஹாக்கின்சன் 2017-இல் கல்லூரி முடித்து, டிராஃப்டில் பெயர் வராமல், அங்கே இரண்டாம் பிரிவு அணியில் சேர்ந்தார். மொழி கற்றார், 2023-இல் ஜப்பானியக் குடியுரிமை பெற்றார், அதே ஆண்டு ஒகினாவாவில் நடந்த உலகக்கோப்பை ஆட்டங்களில் ஜப்பான் மூன்று வெற்றி பெற்று பாரிஸ் ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்றபோது அந்த அணியின் நடுத்தூண் அவர்தான். குடும்பம், குழந்தை, அமைதியான ஊர் என்பவை முக்கியமாகிவிட்ட 27 வயது சென்டர் (கூடைக்கு அருகில் ஆடும் நெடியவர்) ஒருவர் என்னிடம் கேட்டால், ஐரோப்பாவின் உச்ச லீக்கான யூரோலீக்கின் கடைசி வரிசை அணியைவிட ஜப்பானின் நடுவரிசை அணியையே சொல்வேன். பிலிப்பைன்ஸும் இதே வகை: அணிக்கு ஒரே வெளிநாட்டவர், முழுப் பொறுப்பும் அவர் தலையில். ஜஸ்டின் பிரவுன்லீ 2016-இல் போய், 2023-இல் குடியுரிமை பெற்று, அந்த ஆண்டு ஆசிய விளையாட்டில் பிலிப்பைன்ஸ் தங்கம் வெல்லக் காரணமானார். ஒரு நாட்டின் தேசிய அணியில் இப்படிக் குடியுரிமை பெற்றவர் ஒருவருக்கே இடம் உண்டு என்பதால், இந்தக் கதவு ஒவ்வொரு நாட்டிலும் ஒரு நேரத்தில் ஒருவருக்குத்தான் திறக்கும்.

இதுவரை என்பிஏவுக்குத் திரும்புவதையே வெற்றி என்பது போல எழுதிவிட்டேன். அந்த நினைப்பையும் சோதித்துப் பார்க்க வேண்டும். ஷேன் லார்கின் 2013-இல் 18-ஆவது இடத்தில் தேர்வானவர்; 2018-இல் பாஸ்டனை விட்டு இஸ்தான்புல்லின் அனடோலு எஃபெஸ் அணிக்குப் போனார். 2019 நவம்பரில் ஒரே யூரோலீக் ஆட்டத்தில் 49 புள்ளிகள்; 2021, 2022 இரண்டு ஆண்டும் யூரோலீக் பட்டம்; துருக்கியக் குடியுரிமை. மைக் ஜேம்ஸ் 2012-இல் டிராஃப்டில் பெயர் வராமல், இத்தாலியின் கீழ்ப் பிரிவு வரை இறங்கி ஆடியவர். 2024-இல் மொனாக்கோ அணியில் இருந்தபடி யூரோலீக் வரலாற்றிலேயே அதிகப் புள்ளி எடுத்தவராகவும் அந்தப் பருவத்தின் சிறந்த ஆட்டக்காரராகவும் ஆனார். இந்த இருவரும் என்பிஏவில் இருக்கையின் ஓரத்தில் உட்கார்ந்து சம்பளம் வாங்கியிருக்கலாம். ஆட்டத்தின் கடைசி நிமிடத்தில் பந்து தன் கைக்கு வர வேண்டும் என்று நினைப்பவருக்கு, ஐரோப்பாவின் உச்சி இறங்கிவந்த இடமாகத் தோன்றாது. இந்தக் கேள்விக்கு 22 வயதில் விடை தெரிய வேண்டியதில்லை. 26-இல் தெரிந்திருக்க வேண்டும்.

பாதுகாப்பைப் பற்றிப் பேசாமல் நாடுகளை ஒப்பிடுவது பொறுப்பில்லாத செயல். இதன் முழு விலையையும் கொடுத்தவர்கள் பெண்கள். அமெரிக்கப் பெண்கள் லீக்கில் 2022-இன் உச்சச் சம்பளமே 2,28,094 டாலர்தான்; ரஷ்யாவின் எகாத்தரின்பர்க் அணியோ அதைப் போலப் பல மடங்கு கொடுத்தது. 2015-இல் டயானா டவுராசி அந்த அணியின் வேண்டுகோளை ஏற்று அமெரிக்கப் பருவம் முழுவதையும் ஆடாமல் ஓய்வெடுத்தார். அதே அணியில் பல பருவங்கள் ஆடிய பிரிட்னி கிரைனர் 2022 பிப்ரவரியில் மாஸ்கோ விமான நிலையத்தில் கைதாகி, ஒன்பது ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டு, டிசம்பரில் கைதிகள் பரிமாற்றத்தில்தான் வீடு திரும்பினார். அதே பிப்ரவரியின் கடைசியில், உக்ரைன் மீதான படையெடுப்பை அடுத்து, யூரோலீக் ரஷ்ய அணிகள் மூன்றையும் நிறுத்திவைத்தது. அங்கிருந்த அமெரிக்கர்கள் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிடைத்த விமானத்தில் வெளியேறினார்கள். 2023 அக்டோபருக்குப் பிறகு இஸ்ரேல் அணியான மக்காபி தன் சொந்த அரங்க ஆட்டங்களை பெல்கிரேடில் ஆட நேர்ந்தது. டக்கருக்கு உயிர்கொடுத்த உக்ரைனும் இஸ்ரேலும் இன்றைய புதியவருக்கு அதே பொருளில் வாய்ப்பாக இல்லை என்பதை வருத்தத்தோடுதான் எழுதுகிறேன். போர், அரசுத் தடை, பருவம் இரத்து ஆகியவை வந்தால் மீதிச் சம்பளம் என்னாகும் என்பதையும் ஒப்பந்தத்தில் கேட்டு எழுதிக்கொள்ளலாம். 2020-இல் கொரோனா ஏறக்குறைய எல்லா லீக்குகளையும் நிறுத்திய பிறகு இதைக் கேட்பதை யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை.

ஆகவே நம் ஆட்டக்காரரின் மேசையில் டூ-வே ஒப்பந்தம் இருந்தால் அதில் கையெழுத்திடட்டும். அடுத்த ஜூனில் அது நீடிக்காவிட்டால் ஐரோப்பாவுக்குப் போகட்டும். எக்ஸிபிட் 10 மட்டும் இருந்தால், என்பிஏ பெயர் எவ்வளவு பெரியதாக இருந்தாலும், ஜெர்மன் லீக்கின் நடுவரிசை அணியைத் தேர்ந்தெடுப்பதே சரி. அங்கே 25 நிமிடம் ஆடும் இடம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதே நிலையில் ஏற்கெனவே இன்னோர் அமெரிக்கர் மறு ஒப்பந்தம் செய்திருந்தால் பத்தாயிரம் டாலர் கூடுதலாகக் கொடுத்தாலும் வேண்டாம். ஜெர்மனி அழைக்காமல் ஆஸ்திரேலியா அழைத்தால் அங்கே போகலாம். சீனாவைப் பத்தாண்டுகள் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம்.

கையெழுத்துக்கு முன் ஒரு வேலை மிச்சமிருக்கிறது. அந்த அணியில் சென்ற பருவம் ஆடிய வெளிநாட்டவரின் எண்ணை முகவரிடம் கேட்டு வாங்கி, தானே பேச வேண்டும். ஊர் எப்படி, குளிர் எப்படி என்பதெல்லாம் பிறகு. பட்டம் வெல்லும் வாய்ப்பு போன பிறகு, அரங்கில் கூட்டம் குறைந்துவிட்ட மாதத்தில்தான் அணிகளின் நேர்மை வெளியே தெரியும் என்பதால், மார்ச் மாதச் சம்பளம் எந்தத் தேதியில் வங்கிக்கு வந்தது என்று கேட்க வேண்டும். அவர் தேதியைத் தயங்காமல் சொன்னால், ஆகஸ்ட்டில் தொடங்கும் முன்பருவப் பயிற்சிக்குப் பெட்டி கட்டலாம்.